ஆயாவின் தேள்

தியாகதுருகம் கோட்டையைப் பற்றி, திப்புவைத் தடுத்து நின்ற கேப்டன் பிளின்ட்டைப் பற்றி எழுதுங்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். மலை எங்கும் போய்விடாது. இன்று அதைவிட அவசரமான ஒரு வழக்கு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது.

சென்ற பங்குனியில் ஒரு நாள் காலை அக்கா வந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், அறுபத்தெட்டு முடிந்துவிட்டது. மாமா காலமாகி ஆறு வருடம். காப்பி குடித்துவிட்டு, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, பேத்தி மெட்ராஸ்ல பச்சை குத்திக்கப் போறாளாம். நீயும் வா ஆயான்னு கூப்பிடறா. நம்ம ஆயா கையில இருந்துச்சே தேளு, அதே மாதிரி ஒண்ணு குத்திக்கலாம்னு இருக்கேன். இவன் என்னான்னா குதிக்கிறான். நீ ஒரு வார்த்தை சொல்லு. தாய்மாமன் சொன்னா கேப்பான்."

நான் சொன்னது இதுதான்: "இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

அக்கா பதில் பேசவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, "சரி, வரேன்" என்று எழுந்து போய்விட்டார். நான் பேப்பரை விரித்தேன். ஒரு வரியும் உள்ளே போகவில்லை. அக்கா கேட்காத கேள்வி ஒன்று கண்ணாடியில் எனக்கு எதிரே நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கருவூலத்தில் வேலை பார்த்தவன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை நேர்காணலுக்கு வருவார்கள். அவர்களுடைய புத்தகத்தில் அங்க அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கும். ஆண்களுக்குப் பெரும்பாலும் மச்சம், தழும்பு. கணவனை இழந்து குடும்ப ஓய்வூதியம் வாங்க வரும் பெண்களுக்கு வேறு மாதிரி: "இடது முன்கையில் பச்சைக் கோலம்", "வலது கையில் பச்சை குத்திய தேள்" என்று இருக்கும். அந்த அம்மாக்கள் முந்தானைக்குள்ளிருந்து கையை நீட்டிக் காட்டுவார்கள். நெற்றி வெறுமையாக இருக்கும். தாலி இருக்காது, வளையல் இருக்காது, பூ இருக்காது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட ஊரால் பச்சையை மட்டும் வாங்க முடியவில்லை. அரசாங்கமும் அதை வைத்துத்தான் "இவர் இவரேதான்" என்று ஒப்புக்கொண்டது. முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறேன். அப்போது இதெல்லாம் தோன்றவில்லை. வரிசை நீளமாக இருந்ததுதான் கண்ணில் பட்டது.

பச்சை குத்தும் தொழில் நம் பக்கத்தில் குறவர் சமூகத்துப் பெண்களுடையது. அறுவடை முடிந்த காலத்தில் கூடையும் கையுமாக வருவார்கள். "பச்சை குத்தலையோ பச்சை" என்ற குரல் தெருமுனையில் கேட்டதும் பெண் பிள்ளைகள் ஓடிப்போய் ஒளிவார்கள். பிறகு ஒவ்வொருவராக ஆசையில் வெளியே வருவார்கள். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவர் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இந்தத் தொழிலை நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, துணியில் சுற்றித் திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. மூன்று நான்கு தையல் ஊசிகளை நூலால் கட்டினால் கருவி. குத்தி முடித்ததும் வீக்கம் வராமலிருக்க மஞ்சள். வலி தெரியாமலிருக்கப் பாட்டு. கூலி, ஒரு புள்ளிக்குக் காலணா, பெரிய கோலத்துக்குப் பன்னிரண்டு அணா வரை. கிராமத்தில் காசுக்குப் பதில் அரிசி. உருவங்களில் தேள், மீன், பறவை, பூ எல்லாம் உண்டு. ஆண்களும் தங்கள் பெயரையே கையில் எழுதிக்கொண்டார்கள்.

இன்று கடையில் 'ர்ர்ர்' என்று ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்து, இது ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று நினைக்கிறோம். எழுத்து வேலைக்காகச் செய்த ஒரு மின்சாரப் பேனாவுக்கு எடிசன் 1876-இல் காப்புரிமை பெற்றார். அதைப் போன்ற அமைப்பில் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் பச்சை குத்தும் இயந்திரத்துக்கு 1891-இல் காப்புரிமை வாங்கிவிட்டார். எங்கள் ஆயா பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட இயந்திரம் அது. ஆயாவின் தேளோ கட்டிய ஊசியால் குத்தப்பட்டது.

(வெளியூர் வாசகர்களுக்கு: தென்னாற்காட்டில் பாட்டிதான் ஆயா.)

ஆயாவின் தேள் இடது முன்கையில் இருக்கும். கொடுக்கு முழங்கைப் பக்கம் வளைந்திருக்கும். தோல் சுருங்கச் சுருங்கத் தேளும் சுருங்கி, கடைசிக் காலத்தில் அது நண்டா தேளா என்று நாங்கள் சண்டை போடுவோம். "இது இருந்தா நிஜத் தேளு கொட்டாது" என்பார் ஆயா. இன்னொன்றும் சொல்வார்: "நகையெல்லாம் செத்த அன்னைக்கே கழட்டிடுவாங்க. கூட வர்றது பச்சை ஒண்ணுதான்."

1960-களின் கடைசியில் அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. தெருவில் பச்சை குத்துகிற அம்மா வந்தபோது, ஆயாவைப் போலவே தேள் வேண்டும் என்று அடம் பிடித்து அழுதார். அம்மா விடவில்லை. "படிக்கிற புள்ளைக்கு எதுக்குடி இது? பட்டிக்காடுன்னு பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க." அந்தத் தலைமுறையில் காற்று அப்படித் திரும்பியிருந்தது. பள்ளிக்கூடம், உத்தியோகம், டவுன் மாப்பிள்ளை என்று கனவு கண்ட வீடுகளில் பச்சை குத்துவது அநாகரிகம் ஆகிவிட்டது. ஏற்கனவே குத்திக்கொண்டவர்கள் கல்யாண வீடுகளில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்கள். பச்சை முழுக்க மறைந்துவிடவும் இல்லை. பிறகு எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்களைக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். பலர் குத்திக்கொண்டார்கள், அதில் யாரும் வயது பார்க்கவில்லை.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் "சின்னப் புள்ளைக்கு எதுக்கு?" அறுபத்தெட்டில் "கிழவிக்கு எதுக்கு?" இடையில் இருந்த ஐம்பத்தாறு வருடத்தில் புருஷன், பிள்ளைகள், மாமியார் பணிவிடை, நெல்லு, மாடு. என் அக்காவுக்குச் சரியான வயது என்று ஒன்று எந்த வருடத்தில் வந்து போனது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கதை. எங்கள் ஆயா ரவிக்கை போட்டதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிழவிகள் பலரும் அப்படித்தான். சேலையையே சுற்றிச் செருகிக்கொள்வார்கள். ரவிக்கை இளம் பெண்களின் சமாசாரம். டவுனிலிருந்து வந்த புது மோஸ்தர். சித்தப்பா கல்யாணத்தின் போது, எங்கள் அத்தை பிடிவாதமாக ஆயாவுக்கு ஒரு வெள்ளை ரவிக்கை தைத்துக்கொண்டு வந்து மாட்டிவிட்டார். ஆயாவுக்கு அப்போது அறுபது இருக்கும். பந்தலில் நடந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "கெழவிக்கு இப்பத்தான் குமரி ஆசை வந்திருக்கு" என்று ஒருத்தி சொல்ல, பெண்கள் கூட்டமே சிரித்தது. ஆயா சாப்பிடாமலேயே உள்ளே போய் அதைக் கழற்றிவிட்டார். அதன்பிறகு போடவே இல்லை.

இன்று அதே ஊரில் அறுபது வயதுப் பெண் ரவிக்கை இல்லாமல் தெருவில் வந்தால் என்ன சொல்வோம்? அன்றைய "குமரி ஆசை" இன்றைய அடக்கம் ஆகிவிட்டது. ஆடை அதேதான், சிரிக்கிறவர்கள் நின்ற இடம்தான் மாறிவிட்டது.

மேலாடைக்காகச் சிரிப்பு மட்டுமா கிடைத்தது? தெற்கே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிந்ததற்காக அடி வாங்கினார்கள், சேலையைக் கிழித்தார்கள், வீடுகள் எரிந்தன. பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலையில்தான் மன்னர் அனுமதி கொடுத்தார். பெண் என்ன உடுத்தலாம், எதைப் பூசலாம் என்பதில் 'அழகு' என்ற பேச்சு மேலே மிதக்கும். கீழே ஓடுவது யார் அனுமதிப்பது என்ற கேள்வி.

நம் கதைகளையே பாருங்கள். நம் மாவட்டத்துத் திருக்கோவிலூருக்கும் ஔவையாருக்கும் எத்தனையோ கதைகளில் உறவு உண்டு. பாரியின் மகள்களுக்கு அங்கே திருமணம் முடித்து வைத்தது ஔவை என்பார்கள். அந்த ஊர்ப் பெரிய யானைப் பிள்ளையார்தான் தும்பிக்கையால் தூக்கி அவரைக் கயிலாயம் சேர்த்தார் என்பதும் ஊர்க்கதை. அந்த ஔவை, கல்யாணப் பேச்சு வந்தபோது தன் இளமையை எடுத்துக்கொள்ளும்படி பிள்ளையாரிடம் வேண்டிக் கிழவியானார் என்பது நமக்கெல்லாம் தெரியும். 1953-இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்து ஜெமினி எடுத்த படத்தை டூரிங் கொட்டகையில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காரைக்கால் அம்மையாரும் அப்படித்தான். அழகான உடம்பை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டார். இளமையைக் கொடுத்துவிட்ட பெண்களை நாம் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறோம். அதில் ஒரு துளியைத் திருப்பிக் கேட்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

ஆனால் ஔவையின் கதையில் நாம் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. கிழவியாக வேண்டும் என்று கேட்டது அவரே. வேறு யாரும் அவரைக் கிழவியாக்கி மூலையில் உட்கார வைக்கவில்லை.

நம் நாட்டு விதவைகளுக்கு அந்த வசதி இல்லை. மணலூர் மணியம்மை என்று கீழத்தஞ்சையில் ஒருவர் இருந்தார். பிராமணக் குடும்பத்தில் இளம் வயதிலேயே விதவையானவர். முதலில் காங்கிரஸ், கதர். பிறகு பண்ணையாட்களோடு சேர்ந்து நின்ற கம்யூனிஸ்ட். விதவைக் கோலத்தை உதறிவிட்டு, தலையைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சிலம்பம் கற்றார். 1953-இல் மான் முட்டி இறந்தார் என்பது அவர் வாழ்க்கையைப் போலவே நம்ப முடியாத முடிவு. ராஜம் கிருஷ்ணன் அவரை வைத்து 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலே எழுதினார். அந்தக் கிராப்பைப் பார்த்து ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும்! ஆனால் மொட்டைத் தலைக்கும் கிராப்புக்கும் உள்ள வித்தியாசம் என்ன? இரண்டிலும் போவது முடிதான். ஒன்றை ஊர் மழித்தது. மற்றதை அவர் வெட்டிக்கொண்டார்.

கடல் தாண்டியும் ஒரு கிழவியைப் பார்த்துவிட்டு வருவோம். பிலிப்பைன்ஸில் கலிங்கா மலைப்பகுதியில் வாங்-ஓட் என்று ஒரு பெண்மணி; 1917-இல் பிறந்தவர். முள்ளும் மூங்கில் குச்சியும் கரியும் கொண்டு பச்சை குத்துவதே அவர் தொழில். நம் குறப்பெண்களின் அகத்திக் கரி போலத்தான். தன் தம்பி தங்கை வழிப் பேத்திகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார். 2023 ஏப்ரலில் 'வோக்' என்ற நாகரிகப் பத்திரிகையின் பிலிப்பைன்ஸ் பதிப்பு, 106 வயதில் அவர் படத்தை அட்டையில் போட்டது. உதட்டில் சிவப்புச் சாயம், தோள் முழுக்கப் பச்சை, முகம் முழுக்கச் சுருக்கம். அந்தப் படத்தைப் பேத்தி எனக்கு அனுப்பியிருந்தாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எனக்கும் உறைத்தது.

இனி, கண்ணாடியில் நின்ற கேள்விக்கு வருகிறேன். ஐம்பது வயதிலிருந்து நான் தலைக்குச் சாயம் பூசுகிறேன். மீசைக்கும்தான். பதினைந்து வருடமாக மாதம் தவறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பனியனோடு கிணற்றடியில் உட்காருகிறேன். "இந்த வயசுல எதுக்குடா?" என்று அக்கா ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு முறை பின்கழுத்தில் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டிருக்கிறார். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. சவுரிமுடி வைத்துக் கொண்டை போட்ட கிழவிகளையும் யாரும் கேலி செய்ததில்லையே. வயதை மறைக்கிற அலங்காரத்துக்கு ஊரில் மன்னிப்பு உண்டு. வயதை மறைக்காமல், நரைத்த தலையோடு நின்று, எனக்கு இது பிடித்திருக்கிறது என்று சொன்னால்தான் பொறுக்க மாட்டோம்.

அதற்காக, எல்லோரும் நாளைக்கே போய்க் கண்டதைச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. நம் வயதுக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. தோல் மெலிந்துவிட்டது. சர்க்கரை இருந்தால் புண் ஆற நாளாகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் சட்டென்று நிற்காது. மருத்துவரைக் கேட்காமல் ஊசிப் பக்கம் போகக் கூடாது. ஊசி, கண் முன்னால் உறை பிரித்த புது ஊசியாக இருக்க வேண்டும். மையும் ஒருவருக்கு ஊற்றியதை இன்னொருவருக்கு வைக்கக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி பழைய ஊசி வழியே பரவும். ஒரே ஊசியால் தெருவுக்கே பச்சை குத்திய அந்தக் காலத்தை இந்த ஒரு விஷயத்தில் நான் போற்ற மாட்டேன். தலைச்சாயம் பூசுகிறவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பூச வேண்டும். பாராஃபினிலீன் டையமீன் என்ற மருந்து சிலருக்கு முகமே வீங்கும்படி ஒவ்வாமை செய்யும். 'கறுப்பு மருதாணி' என்று திருவிழாக் கடைகளில் வைக்கிறார்களே, அதிலும் பல சமயம் இதுதான் கலந்திருக்கிறது. மருதாணி கறுப்பாகச் சிவக்காது என்பது நம் பெண்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

ஆசையிலும் இரண்டு வகை இருக்கிறது. மகள் போட்டாள், மருமகள் போட்டாள், டிவியில் வந்தது, நாமும் பின்தங்கிவிடக் கூடாது என்ற பயத்தில் செய்வது ஒன்று. அது இருபது வயதிலும் வீண்தான். உள்ளே வெகு நாளாகக் கிடந்த ஒன்றைக் கடைசியில் வெளியே எடுப்பது இன்னொன்று. வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். நான் கேட்கவில்லை, தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

உண்மையில், பச்சை வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்கிற காரணம் எதுவும் அக்காவுக்குப் பொருந்தாது. உடம்பில் கண்ட இடத்தில் குத்திக்கொண்டால் ராணுவ ஆள்சேர்ப்பில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்கா ராணுவத்தில் சேரப்போவதில்லை. குத்திக்கொண்ட பிறகு ஒரு வருடம் ரத்த தானம் செய்ய முடியாது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களிடம் எப்படியும் வாங்க மாட்டார்கள். பின்னால் மனம் மாறினால் லேசரில் அழிக்கப் பல முறை போக வேண்டும், செலவும் அதிகம். ஐம்பத்தாறு வருடமாக மாறாத மனம் இனி மாறுமா? சின்ன வயதில் அவசரப்படாதே என்றால் நியாயம். அறுபத்தெட்டில் அவசரம் என்று யாரைச் சொல்வது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அக்கா வீட்டுக்குப் போனேன். மலைக்கு மேலே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆய்ந்தேன். மகன் வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும், "மாப்பிள்ளை, உங்கம்மா சர்க்கரைக்கு டாக்டரைப் பார்த்துட்டு வரட்டும். அவர் சரின்னா நானே கூட்டிட்டுப் போறேன். நீ நடுவுல பேசாத" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "என்னமோ பண்ணுங்க மாமா" என்று உள்ளே போனான்.

அக்கா தலை நிமிராமல் கேட்டார்: "ஆயா தேளுக்குக் கொடுக்கு எந்தப் பக்கம்டா வளைஞ்சிருந்துச்சு?"

"முழங்கைப் பக்கம்."

"இல்லை, மணிக்கட்டுப் பக்கம்."

அரை மணி நேரம் சண்டை போட்டோம். ஆயாவின் கை தெரிகிற போட்டோ ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருக்க வேண்டும். கருவூலத்தில் முப்பது வருடம் அங்க அடையாளம் சரிபார்த்தவன் நான். இதையும் சரிபார்த்துத்தானே ஆக வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறேன்.